ஜப்பானில் பிள்ளைகளோடு வாரயிறுதி: கொழும்பிலிருந்து குடும்பமாகப் போகிறவர்களுக்கு

ஜப்பானில் வேலை கிடைத்து, மனைவி பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போகப்போகிற கொழும்பு ஆட்கள் முதலில் கேட்பது டிஸ்னிலாந்து டிக்கெட்டைப் பற்றித்தான். அதை ஒரு வருஷம் தள்ளிப் போடுங்கள். அங்கே பிள்ளைகளோடு சனி ஞாயிறைச் சந்தோஷமாகக் கழிக்கிறவர்களைப் பார்த்தால், வார்டு அலுவலகம் என்கிற உள்ளூராட்சி அலுவலகத்து வேலைகளை முதலிலேயே ஒழுங்காக முடித்து, வீட்டிலிருந்து சைக்கிளில் போகிற தூரத்தில் என்ன என்ன இருக்கிறது என்று தெரிந்து வைத்திருப்பவர்களாகத்தான் இருப்பார்கள். பெரிய இடங்களைத் துரத்துகிறவர்கள் இரண்டு மாதம் வரிசையில் நின்று, காசும் கரைந்து, களைத்துப்போய், மூன்றாவது மாதம் ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீட்டுக்குள் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நான் சொல்வது அதிகமும் டோக்கியோவையும் அதன் சுற்றுப்புறத்தையும் பற்றியது. நகோயா, ஒசாகா பக்கம் போகிறவர்களுக்கு இடங்களின் பெயர் மாறும், செய்கிற முறை அதேதான்.

வெள்ளவத்தையிலிருந்து வெளிக்கிடுமுன்

எங்கள் ஆட்களுக்கு அங்கே வருகிற முதல் சிக்கல் பெயர். தகப்பனுக்கு ஒரு குடும்பப் பெயர், மனைவிக்கு வேறு, பிள்ளைகளுக்குத் தகப்பனின் பெயர் என்று பாஸ்போர்ட்டில் ஆளுக்கு ஒன்றாக இருக்கும். ஜப்பானில் ஒரு வீட்டில் ஒரே குடும்பப் பெயர்தான் வழக்கம் என்பதால், பாடசாலையிலும் வங்கியிலும் ஆஸ்பத்திரியிலும் "இவர்கள் எல்லாரும் ஒரே குடும்பமா?" என்ற கேள்வி வந்துகொண்டே இருக்கும். அதனால் திருமணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் இரண்டுக்கும் ஆங்கில மொழிபெயர்ப்பைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் எடுத்து, ஒன்றுக்கு இரண்டு பிரதியாகக் கையில் வைத்திருங்கள். அங்கே போனதும் உங்கள் பெயர்களை, வெளிநாட்டுப் பெயர்களுக்குப் பயன்படுத்துகிற கத்தகானா எழுத்தில் எப்படி எழுதுவது என்று ஒரே தடவையில் முடிவெடுத்து, எல்லா இடத்திலும் அதே எழுத்துகளைக் கொடுங்கள். பாலசுப்பிரமணியம் மாதிரிப் பெயரை வங்கியில் ஒரு விதமாகவும் வார்டு அலுவலகத்தில் வேறு விதமாகவும் எழுதிக் கொடுத்தால், பிள்ளைக்கு வரவேண்டிய காசு வங்கிக் கணக்குக்குப் போகாமல் நடுவில் நிற்கும்.

அடுத்தது பிள்ளைகளுக்குப் போட்ட ஊசிகளை எழுதி வைக்கிற கிளினிக் கொப்பி. இங்கே பிறந்தவுடன் போடுகிற பீசீஜீ ஊசி அங்கே ஒரு வயதுக்குள் சில மாதம் கழித்துத்தான் போடப்படும், மூளைக்காய்ச்சல் ஊசியின் வகையும் தவணையும் வேறு. எது போட்டாயிற்று, எது பாக்கி என்பதைச் சுகாதார நிலையத்தில் பார்த்துச் சொல்வார்கள், ஆனால் கொப்பி இல்லாமல் வாயால் சொன்னால் எடுபடாது.

குளிர் உடுப்பை இங்கே தேடி அலைய வேண்டாம். நிஷிமட்சுயா மாதிரிக் கடைகளில் சிறுபிள்ளைகளின் உடுப்பு மலிவு, பெரியவர்களுக்கு யுனிக்லோ போதும். பெட்டியில் அந்த இடத்தில் வறுத்த கறித்தூளைப் போடுங்கள். பச்சைக் கறிவேப்பிலை, மாம்பழம், இறைச்சி சேர்ந்த எதுவும் வேண்டாம், விமான நிலையத்திலேயே எடுத்துவிடுவார்கள்.

வார்டு அலுவலகம்

நரிட்டாவிலோ ஹனேடாவிலோ இறங்கும்போது வதிவிட அட்டை கையில் தருவார்கள். வீட்டுக்குக் குடிபோன 14 நாளுக்குள் அந்த அட்டையோடு குயாக்குஷோ என்கிற வார்டு அலுவலகத்துக்குப் போய் முகவரியைப் பதிய வேண்டும். நம்மூர் பிரதேச செயலகம் மாதிரி என்று நினைத்துக்கொள்ளுங்கள், இலக்கத் துண்டு எடுத்துக்கொண்டு ஒவ்வொரு கவுண்டராகப் போவதும் அப்படியேதான், ஆனால் அன்றைக்கே முடிந்துவிடும். முகவரி பதிகிற அதே நாளில் பிள்ளைகளுக்கான கொடுப்பனவுக்கும் விண்ணப்பியுங்கள். 2024 ஒக்டோபரில் இருந்து வருமான வரம்பு இல்லை. மூன்று வயதுக்குள் என்றால் மாதம் 15,000 யென், அதற்கு மேல் உயர்தரப் பாடசாலை முடிகிற வயது வரை 10,000, மூன்றாவது பிள்ளை முதல் 30,000. வெளிநாட்டவருக்கும் உண்டு. 15 நாளுக்குள் விண்ணப்பிக்காவிட்டால் தவறிய மாதக் காசு பிறகு திரும்பி வராது, ஆகவே "அடுத்த கிழமை பார்ப்போம்" என்று விட்டுவிடாதீர்கள்.

மருத்துவக் காப்புறுதியில் பெரியவர்கள் செலவில் 30 வீதம் கட்ட வேண்டும். பிள்ளைகளுக்கு உள்ளூராட்சி உதவி தனியாக இருக்கிறது, டோக்கியோவின் 23 வார்டுகளில் 18 வயது வரை டொக்டரிடம் போகக் காசு இல்லை. அதற்கும் தனி அட்டை, தனிக் கவுண்டர். மூன்று முதல் ஐந்து வயது வரை முன்பள்ளிக் கட்டணம் 2019 ஒக்டோபரில் இருந்து இலவசம், ஆனால் பகல் பராமரிப்பு நிலையத்தில் இடம் பிடிப்பது வேறு கதை. ஏப்ரலில் சேர முந்தின வருஷக் கடைசியிலேயே விண்ணப்பம் கொடுக்க வேண்டும், தாய் தகப்பன் இருவரும் வேலைக்குப் போகிறவர்கள் என்று காட்டவும் வேண்டும். ஆரம்பப் பாடசாலையில் வெளிநாட்டுப் பிள்ளைகளும் இலவசமாகச் சேரலாம், நீங்களாகப் போய்க் கேட்டால்தான் சேர்ப்பார்கள். எந்த வகுப்பு என்பது வயதை வைத்துத்தான், இங்கே எந்த வகுப்பில் இருந்தான் என்று பார்ப்பதில்லை.

பெண் பிள்ளைகள் வைத்திருப்பவர்கள் கவனிக்க: காதில் தோடு போட்டால் பல பாடசாலைகள் கழற்றச் சொல்லும். சின்ன வயதில் காது குத்துவது எங்கள் வழக்கம் என்று சேர்க்கும்போதே ஆசிரியரிடம் பேசிவிடுங்கள், நடுவில் பேசினால் அது முறைப்பாடு மாதிரி ஆகிவிடும்.

அங்கிருந்து வெளியே வருமுன் வார்டின் செய்தித்தாளையும் கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள், பல வார்டுகள் ஆங்கிலத்திலும் இலகு ஜப்பானிய மொழியிலும் போடுகின்றன. வாரயிறுதித் திட்டத்தில் பாதி அதற்குள் இருக்கும். கிழங்கு தோண்டும் நாள், தீயணைப்பு வண்டியில் பிள்ளைகளை ஏற்றிக் காட்டுகிற நாள், நீச்சல் தடாகம் இலவசமான நாள் எல்லாம் அதில்தான் வரும். சில வார்டுகளுக்கு மலைப்பக்கம் சொந்தமாகத் தங்குமிடங்கள் இருக்கின்றன, அந்த வார்டில் குடியிருப்பவர்களுக்கு ஹோட்டலை விட எவ்வளவோ குறைந்த விலை. இந்தத் தங்குமிட விஷயம் பல வருஷம் இருந்தவர்களுக்கே தெரியாது.

முதல் மாதம்: பக்கத்திலேயே

முதல் நாலைந்து வாரயிறுதியும் ரயில் ஏறாதீர்கள். வீட்டுக்குப் பக்கத்தில் ஜிதோகான் என்று ஒரு சிறுவர் நிலையம் இருக்கும். இலவசம், விளையாட்டுச் சாமான் இருக்கும், மழை நாளுக்கு அதைப்போல ஒரு இடம் கிடையாது. கைக்குழந்தையோடு தாய்மாருக்குக் கதைக்க ஆள் கிடைக்கிற இடமும் அதுதான். பேச்சு அரைகுறைதான், ஆனால் ஜப்பானியத் தாய்மார் ரோட்டில் பேசமாட்டார்கள், அங்கே பேசுவார்கள். அடுத்தது நூலகம். வதிவிட அட்டையைக் காட்டி உறுப்பினராகலாம், படக்கதைப் புத்தகங்களை வீட்டுக்குக் கொண்டு போகலாம்.

பிறகு சைக்கிள். முன்னாலும் பின்னாலும் பிள்ளை இருக்கை வைத்த மாமாச்சாரியைத் தாய்மார் ஓட்டுகிற வேகத்தைப் பார்த்தால் காலி வீதி பஸ்காரர்களும் ஒதுங்குவார்கள். வாங்கும்போது திருட்டுத் தடுப்புப் பதிவு செய்ய வேண்டும், டோக்கியோவில் சைக்கிளுக்குக் காப்புறுதியும் கட்டாயம். 2023 ஏப்ரலில் இருந்து எல்லா வயதினரும் ஹெல்மெட் போட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, தண்டனை இல்லை. நிலையத்துக்கு முன்னால் கண்ட இடத்தில் நிறுத்தினால் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள், மீட்கக் காசு கட்ட வேண்டும்.

மாலை ஐந்து மணியளவில் ஊர் முழுக்க ஒலிபெருக்கியில் ஒரு மெட்டு ஒலிக்கும். அனர்த்த அறிவிப்பு ஒலிபெருக்கிகள் வேலை செய்கின்றனவா என்று தினமும் பார்க்கிற பரிசோதனை அது. பிள்ளைகளுக்கு விளையாட்டை விட்டு வீட்டுக்குப் போகிற மணியும் அதுதான், குளிர்காலத்தில் பல இடங்களில் நேரத்தோடு அடிக்கும். இந்த வழக்கத்தை உங்கள் வீட்டிலும் முதல் கிழமையே பிடித்துக்கொள்ளுங்கள், கத்திக் கூப்பிடுகிற வேலை மிச்சம்.

ரயில்

ஒரு பெரியவரோடு பாடசாலை செல்லாத இரண்டு பிள்ளைகள் இலவசம், ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைக்குப் பாதிக் கட்டணம். பிள்ளைகளுக்கான சுயிக்கா அல்லது பாஸ்மோ என்கிற, முன்கூட்டியே காசு போட்டு வைக்கிற ரயில் அட்டையை இயந்திரத்தில் வாங்கப் பார்க்காதீர்கள், வயதைக் காட்டுகிற ஆவணத்தோடு நிலையக் கவுண்டரில் கேளுங்கள். உறவினர் பயன்படுத்தியதாகச் சொல்கிற, ஜே.ஆர். ரயில்களில் விரும்பியபடி போகிற ஜே.ஆர். பாஸ் சுற்றுலா விசாவில் வருகிறவர்களுக்கானது, வதிவிட அட்டை வைத்திருக்கிற உங்களுக்குக் கிடைக்காது. தள்ளுவண்டியை மடிக்காமல் ஏற்றலாம். லிஃப்ட் மேடையின் ஏதாவது ஒரு மூலையில்தான் இருக்கும், ஏறும்போதே எந்தப் பெட்டி என்று பார்த்து ஏறினால் இறங்குகிற இடத்தில் முழு நீளமும் நடக்கத் தேவையில்லை. ரயிலுக்குள் போனில் கதைப்பதில்லை, சாதாரண ரயிலில் சாப்பிடுவதும் இல்லை. பிள்ளை அழுதால் ஒன்றும் சொல்லமாட்டார்கள், நாங்கள் ஸ்பீக்கரில் அம்மாவோடு கதைத்தால்தான் திரும்பிப் பார்ப்பார்கள். கொழும்பு மூன்றரை மணி நேரம் பின்னால், இரவுச் சாப்பாடு முடிந்து எடுத்தாலும் அம்மாவுக்குப் பின்னேரத் தேத்தண்ணி நேரமாகத்தான் இருக்கும். ரயிலில் இருந்து எடுக்க அவசரம் இல்லை.

சாப்பாடு

சைவச் சாப்பாட்டுக்காரர்களுக்கு இது பெரிய வேலை. மீசோ சூப், ஊடோன் நூடில்ஸின் தண்ணீர், அவித்த மரக்கறி எல்லாவற்றிலும் தாஷி என்கிற சாறு சேரும், அதைக் கட்சுவோபுஷி போட்டுத்தான் அதிகமும் எடுக்கிறார்கள். எங்கள் சம்பலில் போடுகிற மாசியும் அதுவும் ஒரே வகை மீனைக் காயவைத்துச் செய்வதுதான், மணத்திலேயே பிடிபடும். "இறைச்சி இல்லை" என்று கடைக்காரர் உண்மையாகவே சொல்வார், மீன் சாறு அவர் கணக்கில் மச்சம் இல்லை. அதனால் இறைச்சி, மீன், தாஷி மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள், ஜப்பானிய எழுத்தில் ஒரு சின்ன அட்டையாக அடித்துப் பர்ஸில் வைத்திருந்தால் இன்னும் நல்லது. இனிப்புகளிலும் ஜெலட்டின் இருக்கும். பைக்கற்றில் கட்டாயம் எழுத வேண்டிய ஒவ்வாமைப் பொருட்கள் முட்டை, பால், கோதுமை, சோபா என்கிற பக்வீட் தானியம், நிலக்கடலை, இறால், நண்டு, அக்ரூட் போன்றவை. மீன் அந்தக் கட்டாயப் பட்டியலில் இல்லை என்பதால் அதை மட்டும் பார்த்து நம்பி வாங்காதீர்கள்.

ஆகவே ஊர் சுற்றும் நாளில் கட்டுச்சோறுதான் நல்லது. அங்கே எல்லாக் குடும்பமும் பெட்டியோடுதான் வரும், வெட்கப்பட ஒன்றும் இல்லை. புளிச்சாதம், ரொட்டியும் காய்ந்த சம்பலும், உருளைக்கிழங்குக் கட்லட் எல்லாம் தாங்கும். ஆடி ஆவணியில் தேங்காய்ப்பால் சேர்ந்ததைக் கொண்டு போகாதீர்கள். நூறு யென் கடையில் ஒரு விரிப்பும் குளிர்ப் பொதியும் வாங்கி வாசலிலேயே வைத்துவிடுங்கள். முக்கியமாக ஒரு குப்பைப் பை. பூங்காவிலும் ரோட்டிலும் குப்பைத் தொட்டி தேடிக் கிடைக்காது, 1995இல் டோக்கியோ சுரங்க ரயிலில் விஷவாயுத் தாக்குதல் நடந்த பிறகு பல இடங்களில் எடுத்துவிட்டார்கள். சாப்பிட்ட மிச்சத்தையும் வாழைப்பழத் தோலையும் வீட்டுக்கே கொண்டு வந்து, எரியும் குப்பை நாளில் போட வேண்டும். தண்ணீர்ப் போத்தலை ரயில் நிலையக் குழாயிலும் நிரப்பலாம், குடிக்கலாம்.

சாமான் வாங்க ஷின்-ஒக்குபோ நிலையத்துக்குப் பக்கத்து ஒழுங்கைகள், எடோகாவா வார்டில் நிஷி-கசாய், உவேனோவில் அமேயோகோ சந்தைக் கட்டிடத்தின் நிலத்தடித் தளம். பருப்பு, பாஸ்மதி, கறித் தூள்கள் எல்லாம் இந்த இடங்களில் கிடைக்கும். அவசரத்துக்கு டோக்கியோ நிலையத்துக்குள்ளேயே டீஸ் டான்டான் என்று ஒரு கடை, ராமென் நூடில்ஸை முழுச் சைவமாகவே செய்கிறார்கள்.

எங்கே போவது

டோக்கியோவில் அரசாங்க இடங்கள்தான் குடும்பங்களுக்கு லாபம். உவேனோ மிருகக்காட்சிசாலை 1882இல் திறந்தது, ஜப்பானிலேயே பழையது. பெரியவருக்கு 600 யென், ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகள் வரை இலவசம். மே 4, ஒக்டோபர் 1 மாதிரி எல்லாருக்கும் இலவசமான நாட்களும் உண்டு, அந்த நாட்களில் போகாதீர்கள், தலைகள்தான் தெரியும். தெஹிவளையில் யானை பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு மிருகங்களை விட அதே பூங்காவில் இருக்கிற தேசிய இயற்கை, அறிவியல் அருங்காட்சியகம்தான் பிடிக்கும் என்பது என் எண்ணம். டைனோசர் எலும்பும் திமிங்கிலமும் இருக்கின்றன, உயர்தர மாணவர் வரை காசு இல்லை. திங்கட்கிழமை இந்த இடங்கள் மூடியிருக்கும், திங்கள் அரசு விடுமுறை என்றால் திறந்து மறுநாள் மூடுவார்கள். பிள்ளைகளை ஓடவிட வேண்டும் என்றால் தச்சிகாவாவில் ஷோவா கினென் பூங்கா. பெரியவருக்கு 450 யென், கனிஷ்ட இடைநிலைப் பாடசாலைப் பிள்ளைகள் வரை இலவசம், உள்ளே சைக்கிள் வாடகைக்கும் எடுக்கலாம், ஒரு நாள் போதாது.

மலை ஏற ஆசையென்றால் தகாவோ. 599 மீட்டர்தான், ஷின்ஜுகுவிலிருந்து கெய்யோ ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் அடிவாரத்துக்குப் போய்விடலாம். சின்னப் பிள்ளைகள் என்றால் கேபிள் காரில் பாதி தூரம். நவம்பர் கடைசியில் இலை சிவக்கும்போது அந்தக் கேபிள் காருக்கே நீண்ட வரிசை நிற்கும், மே மாதத்துச் சனிக்கிழமை காலை நல்லது.

கமக்குராவைச் சொல்லாமல் விடமுடியாது. டோக்கியோவிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம், பிறகு எனோடென் என்கிற சின்ன ரயிலில் ஹசே வரை. அங்கே கொத்தொக்கு-இன் கோயிலில் வெளியே வெயிலிலும் மழையிலும் உட்கார்ந்திருக்கிற பெரிய வெண்கலப் புத்தர், 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர். அதே வளவுக்குள் ஜே.ஆர். ஜயவர்த்தனவுக்கு ஒரு நினைவுக்கல் இருக்கிறது, பலர் பார்க்காமலே போய்விடுகிறார்கள். 1951இல் சான் பிரான்சிஸ்கோ மாநாட்டில் இலங்கை நிதியமைச்சராக அவர், ஜப்பானிடம் நட்டஈடு கேட்கமாட்டோம் என்று பேசினார், வெறுப்பு வெறுப்பினால் ஓயாது என்ற புத்தர் வாக்கை எடுத்துச் சொன்னார். அதற்காகத்தான் அந்தக் கல், 1991இல் வைத்தது. அதே ஆள் ஜனாதிபதியாக இருந்தபோது வந்த 1983 ஜூலையை வெள்ளவத்தைக்காரருக்கு யாரும் ஞாபகப்படுத்தத் தேவையில்லை. "அம்மா, இது எங்கட நாட்டு ஆளா?" என்று பிள்ளை கேட்கும், எவ்வளவு சொல்வது என்பதை ரயிலிலேயே முடிவு செய்துகொண்டு போங்கள்.

தை மாதம் முதல் மே வரை சிபாப் பக்கம் ஸ்ட்ரோபெரித் தோட்டங்களில் நேரக் கணக்குக்குக் காசு கட்டி, வயிறு நிறையப் பறித்துச் சாப்பிடலாம். பாடசாலை விளையாட்டு நாளையும் தவறவிடாதீர்கள். எங்கள் இல்ல விளையாட்டுப் போட்டிதான், இல்லங்களுக்குப் பதிலாகச் சிவப்பு, வெள்ளை என்று இரண்டு அணி, தகப்பன்மார் விடியவே இடம் பிடிக்க வந்து நிற்பார்கள்.

எப்போது போகக்கூடாது என்பதும் தெரிய வேண்டும். ஏப்ரல் 29 முதல் மே 5 வரை, ஓகஸ்ட் நடுவில் முன்னோரை நினைக்கிற ஓபோன் பண்டிகை, டிசம்பர் 29 முதல் ஜனவரி 3 வரை ஜப்பானே நகரும், நீங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருங்கள். ஜூன் மழை. ஜூலை, ஓகஸ்டில் 35 பாகையைத் தாண்டும், கொழும்பு வெயில் பார்த்தவர்களுக்கு இதென்ன என்று பிள்ளையை மத்தியானம் பூங்காவுக்குக் கூட்டிப் போகாதீர்கள், அங்கே கடல் காற்று இல்லை. பொதுத் தடாகங்களில் தொப்பி போட வேண்டும், சங்கிலி தோடு கழற்ற வேண்டும், மணிக்கொரு தடவை எல்லாரையும் வெளியே ஏற்றி ஓய்வு கொடுப்பார்கள். வெந்நீர்க் குளியலுக்குத் துணி இல்லாமல்தான் இறங்க வேண்டும், டோக்கியோவில் ஏழு வயது ஆகிவிட்டால் மகன் அம்மாவோடு பெண்கள் பக்கம் போகமுடியாது. கூச்சப்படுகிறவர்கள் குடும்பமாக அறை எடுத்துக் குளிக்கிற இடங்களைத் தேடுங்கள், கொஞ்சம் விலை கூட.

கார்

வீதியில் இடப்பக்கம்தான், காரும் கொழும்பில் பார்த்துப் பழகிய விட்ஸ், வெகன்ஆர் தான், ஆனால் லைசென்ஸை மாற்ற எழுத்துப் பரீட்சையும் ஓட்டப் பரீட்சையும் இருக்கிறது, ஓட்டப் பரீட்சையில் நல்ல ஓட்டுநர்களே பல தடவை விழுவார்கள். நிறுத்த இடம் இருக்கிறது என்று பொலிஸ் சான்றிதழ் எடுத்தால்தான் கார் வாங்கலாம். ஆறு வயதுக்குக் கீழ் பிள்ளைக்கு இருக்கை கட்டாயம், மடியில் வைத்துக்கொண்டு போகிற கதை அங்கே நடக்காது. டோக்கியோவுக்குள் கார் தேவையில்லை. இபராகி, குன்மா பக்கம் என்றால் இல்லாமல் முடியாது.

சரி, கடைசியாக வாசல் கதவில் ஒட்டி வைக்க வேண்டியவை. அம்புலன்சுக்கும் தீக்கும் 119, பொலிசுக்கு 110, இரவில் பிள்ளைக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரிக்குப் போவதா வேண்டாமா என்று கேட்க #8000. அம்புலன்ஸ் நம்மூர் 1990 இலக்க அம்புலன்ஸ் சேவை மாதிரி இலவசம். நிலநடுக்கம் வந்தால் கூடுகிற இடம் பெரும்பாலும் பக்கத்துப் பாடசாலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வீட்டிலிருந்து அங்கே நடந்து போய்ப் பாருங்கள், ரயில் நின்றுபோனால் யார் எங்கே காத்திருப்பது என்றும் அன்றைக்கே பேசி முடியுங்கள்.